புகை தெரியாத சிம்னி

அரை மணியில் மறுபடியும் கூப்பிடுகிறேன் மேடம், ரெடியா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள் என்று, எந்த ஊர் மெஷின் எப்போது ஓட வேண்டுமென்று உத்தரவு போடும் சென்னை ஆபீசிலிருந்து பேசியவன் போனை வைத்துவிட்டான். மங்கையர்க்கரசி வைக்கவில்லை. செத்துப்போன லைனின் இரைச்சலைக் காதிலேயே பிடித்துக்கொண்டு, கண்ட்ரோல் ரூம் கண்ணாடிக்கு வெளியே வெயிலில் வெளுத்துக் கிடந்த டர்பைன் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெடி என்றால் ரெடிதான். கேஸ் வந்துகொண்டிருக்கிறது, மெஷின் நலமாக இருக்கிறது, ஆரோக்கியராஜ் பேனலுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், கையை அசைத்தால் போதும், ஓட்டிவிடுவான். ஆனால் பாய்லர் ரெடி இல்லை. பாய்லர் ரெடி இல்லாமல் இந்தப் பிளாண்டை ஓட்டுவதென்பது, அடுப்பை மூட்டி உலையை ஏற்றாமல் உட்கார்ந்திருப்பதைப் போல. டர்பைனில் எரிந்து வெளியே வரும் காற்று அத்தனை சூடு. அந்தச் சூட்டைப் பாய்லரில் பிடித்து, தண்ணீரை ஆவியாக்கி, பக்கத்தில் இருக்கிற இன்னொரு டர்பைனையும் சுற்றவைக்கத்தான் இதைக் கட்டினார்கள். எரிக்கிற கேஸ் ஒன்றுதான், ஆனால் கரண்ட் ஒன்றரை பங்கு கிடைக்கும். பாய்லர் குழாய்கள் அங்கங்கே ஓட்டை விழுந்து இப்போது கிடையில் கிடக்க, சூடு முழுவதையும் பக்கத்துச் சிம்னி வழியாக நேரே வானத்துக்கு அனுப்பிவிட்டு ஒரே டர்பைனைக் கொண்டு கரண்ட் எடுக்கச் சொல்கிறார்கள். இன்றைக்கு ஒருநாள் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். காலையில் மேலதிகாரி எஸ்.இ. போனில் சொன்னது அதுவல்ல. ஓட்டிக் காட்டிடும்மா, என்றார், குரலில் நல்ல தூக்கம் தூங்கி எழுந்த சுகம். பாய்லர் இல்லாமலே ஓடுதுன்னு ஒரு தடவை காட்டிட்டா அப்புறம் அதை யாரும் கேக்கமாட்டாங்க. கெழட்டு மெஷினுக்கு எதுக்கு அவ்வளவு செலவு, இருக்கிற வரைக்கும் இப்படியே ஓடட்டும். இருக்கிற வரைக்கும் என்றால் இன்னும் பத்து வருஷம் இருக்கும். அதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. போனை வைத்தாள். ஆரோக்கியராஜ், மேடம், ஸ்டார்ட் பண்ண ஆரம்பிக்கட்டுமா, என்றான். இருப்பா, என்றாள்.

இருப்பா என்று எதைச் சொன்னோம், அவனையா, நேரத்தையா, மெஷினையா என்று ஒரு கணம் தடுமாறியது. ஏசி காற்று பிடரியில் படும்போதே உள்ளிருந்து அந்தச் சூடு கிளம்பிவிட்டது, நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து காதுக்கு, யாரோ அவளுக்குள்ளேயே பர்னரைப் பற்றவைத்த மாதிரி. இந்த வயதில் வருவதுதான், எல்லாருக்கும் வருவதுதான் என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். ஆனால் கைக்குட்டையால் மேலுதட்டை ஒற்றும்போதெல்லாம், வெளியே இருக்கிற கத்திரி வெயிலும் இதுவும் ஒன்றுதானோ, எங்கோ ஓரிடத்தில் யாரோ திருப்பிய குமிழ்தானோ என்று ஒரு கிறுக்கு எண்ணம் ஓடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு தடவை பார்க்க வந்திருந்தார்கள். வரிசையாக, ரிப்பன் கட்டிய தலைகள். அதில் ஒரு பெண் சிம்னியை அண்ணாந்து பார்த்து, புகை எங்க மிஸ், என்று கேட்டது. மெஷின் அன்றைக்கு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இது கேஸ் பிளாண்ட்டும்மா, புகையே கிடையாது, என்றாள் மங்கையர்க்கரசி. ஆசிரியை கைதட்டச் சொன்னாள், பிள்ளைகள் தட்டினார்கள். புகையே கிடையாது. அந்தக் கைதட்டல் காதை விட்டுப் போகவேயில்லை. பொய் சொல்லவில்லையே, கரி இல்லை, சாம்பல் இல்லை, சுற்றுவட்டாரத்தில் எந்தக் கொடித்துணியும் கறுத்ததில்லை. ஆனால் சிம்னி வாய்க்கு மேலே காற்று தோசைக்கல்லுக்கு மேலே நடுங்குகிற மாதிரி நடுங்கிக்கொண்டிருந்ததை அந்தக் குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அது என்ன மிஸ் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள். அதுலதாம்மா கார்பன் போகுது, கண்ணுக்குத் தெரியாது, மேலே போய் அங்கேயே இருக்கும், நீ கிழவியாகி இல்லாமல் போன பிறகும் இருக்கும் என்றா. கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா. ஆகாது. ஆகாது என்றால் ஏன் அந்த ரிப்பன் தலை மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறது.

கலியபெருமாளும் அப்படித்தான் அண்ணாந்து பார்ப்பான். அவள் தம்பி. இப்போதும் இதே காம்பவுண்டுக்குள், பாய்லருக்குக் கீழே எங்கோ நிழலில், காண்ட்ராக்ட் ஆட்களோடு உட்கார்ந்திருப்பான். யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான், பெரிய ஆபீசர்கள் வந்திருந்தபோதும் அக்கா, சாப்டியா, என்று தூரத்திலிருந்தே கத்தினான், அவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவன் இங்கே வந்திருக்க வேண்டியவன் இல்லை. வடக்குவெளியில் அப்பா விட்டுப்போன நிலம் அவனுடையது, அவளுக்குப் படிப்பு, அவனுக்கு நிலம் என்று யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. அவளுக்குப் புத்தகத்தில் மண்டை ஓடியது, அவனுக்கு மடையில் கை ஓடியது. அந்த நவம்பர் புயலில் கடல் வாய்க்கால் வழியாக ஏறி வந்தது. வந்த தண்ணீர் வடிய நாளாயிற்று. வடிந்த பிறகு வயல் முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மழை பெய்து கழுவிவிடும் என்றார்கள், மழை பெய்தது, கழுவவில்லை. அடுத்த வருஷம் புயல் இல்லாமலே, வெறும் அமாவாசைக்கே கடல் வாய்க்காலில் ஏறியது. போர்வெல் தண்ணீர் உவர்த்தது. நாற்று விட்டால் நுனி கருகியது. கடைசியாக ஒருநாள் அவன் அவள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்று, அக்கா, அங்க எதாச்சும் கூட்டிப்பெருக்குற வேலை இருந்தாலும் பாரேன், என்றான். அவள் பார்த்தாள். வாங்கிக் கொடுத்தாள். நல்ல அக்கா என்று ஊரில் பேர். கடலைக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் வயலுக்குள் தள்ளிவிட்ட மெஷினிலேயே அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள்.

நில்லு, அது சரியில்லை, எங்கே இந்த ஒரு மெஷின், எங்கே கடல். உலகத்தில் எத்தனையோ ஆயிரம் சிம்னிகள், கார்கள், கப்பல்கள், விமானங்கள், அதில் இது ஒரு துளி, துளியிலும் துளி. சரி, துளி. துளிக்கும் ஒரு அளவு உண்டல்லவா, அந்த அளவுக்குக் கடல் ஏறியிருக்கும் அல்லவா, ஒரு நெல்மணி உயரம் இல்லையென்றால் நெல்மணியின் மேலே இருக்கிற சுணையின் உயரம், அதில் அவள் ஷிஃப்டில் ஓடியது எவ்வளவு. இங்கேதான் மனசு எப்போதும் மாட்டிக்கொள்ளும், முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகராது. இன்னொன்றும் இருக்கிறதே. அவள் ரெடி இல்லை என்று சொன்னால் சென்னைக்காரன் சும்மா இருப்பானா, வேறு எங்காவது ஒரு நிலக்கரி யூனிட்டை ஏற்றுவான். அது இதைவிட மோசம், பாய்லர் இல்லாமல் ஓடும் இதைவிடவும் மோசம். அப்படியென்றால் இன்றைய கணக்குக்கு ஓட்டுவதுதான் நல்லது. பத்து வருஷத்துக் கணக்குக்கு இன்றைக்கு ஓட்டாமல் பாய்லரைச் சரிபண்ண வைப்பதுதான் நல்லது. பாய்லரைச் சரிபண்ணினால் இதே கேஸில் ஒன்றரை பங்கு, அந்த அரைப் பங்கு அளவுக்கு எங்கோ கரி எரியாமல் இருக்கும். ஆனால் சரிபண்ணுவார்களா. சரிபண்ணுகிறோம் என்று மூடிவிட்டு அப்படியே விட்டுவிட்டால். மூடினால் கலியன். பாய்லர் வேலைக்கு வெளியூர்க் கம்பெனி வெல்டர்கள் வருவார்கள், காண்ட்ராக்ட் ஆட்களை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மெஷின் மறுபடி எழுந்தால் கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். அவனுக்குத் திரும்பிப் போக வயல் கிடையாது. சரி, அப்படியானால் அவள் ஓட்ட வேண்டாம் என்று நினைப்பது யாருக்காக. ரிப்பன் கட்டிய அந்தப் பிள்ளைக்காகவா, வரப்போகிறவர்களுக்காகவா, அல்லது தன் கை சுத்தமாக இருக்கிறது என்று தனக்கே காட்டிக்கொள்வதற்காகவா. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று கிடந்தது, அதை எடுத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்த மெஷினை அவளுக்குப் பிடிக்கும். நின்ற நிலையிலிருந்து அது மெல்ல முனகி, இழுத்து, ஒரு கட்டத்தில் உள்ளே தீ பிடித்துக்கொள்ளும்போது தரையிலிருந்து பாதம் வழியாக ஏறுகிற அந்த அதிர்வு, பிறகு குரல் உயர்ந்து உயர்ந்து ஒரே சுருதியில் போய் நிற்கும் அந்த இடம். கல்யாணமான புதிதில் கூட எதற்கும் அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. இப்போதும் ஓட்ட வேண்டும் போல்தான் இருந்தது. கெட்டது என்று தெரிந்த பிறகும் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆசையாக இருந்தது.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, வரேன்ப்பா, போன் வந்தா இரு வந்துடறேன்னு சொல்லு, என்று ஆரோக்கியராஜிடம் சொல்லிவிட்டு வெளியே இறங்கினாள். கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் கையால் தள்ளியது. கம்பிப்பிடியைத் தொட முடியவில்லை. கலியபெருமாள் பாய்லர் தூணோரம் உட்கார்ந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான், மற்றவர்கள் கொஞ்சம் தள்ளித் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தான்.

“என்னாக்கா, இன்னிக்கி ஓடுதாமே? ஆரோக்கியம் சொன்னிச்சு.”

“பாக்கலாம்.”

“என்னா பாக்கலாம்ங்குற. ஓட்டு. இது கம்முன்னு கெடந்தா எங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு. எப்ப போவச் சொல்லுவாங்களோன்னு குந்தியிருக்கோம்.”

அவள் அவன் பக்கத்தில் நிழலுக்குள் வந்து நின்றாள். என்ன சொல்ல வந்தோம் என்று தெரியவில்லை. வாய் தானாகவே, கலியா, கடல் ஏன் உள்ள வந்திச்சுன்னு நெனைக்கிற, என்று கேட்டுவிட்டது. அவன் கழுவின பாத்திரத்தை உதறிக்கொண்டே அவளைப் பார்த்தான், வெயிலில் அக்காவுக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி.

“காத்து தள்ளிக்கிட்டு வந்திச்சு. வேற என்னா.”

“காத்து இல்லாமயும் வருதே.”

“வருது. கடலுக்குன்னு ஒரு காலம். அதுக்கு என்னா இப்ப?”

“இதுனாலயும்தான்,” என்று சிம்னியைக் காட்டினாள். “இதுமாதிரி எல்லாத்துலேர்ந்தும் வர்றதுனால. சூடு ஏறுது, கடல் ஏறுது. நான் ஓட்டுறதுலயும் ஒரு பங்கு இருக்கு.”

அவன் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு அண்ணாந்தான். மெஷின் ஓடவில்லை, சிம்னிக்கு மேலே வெறும் வானம், அதில் ஒரு பருந்து. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தான். அங்க ஒண்ணுமே இல்லையேக்கா, என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, நீ இதெல்லாம் போட்டு மனச ஒழப்பிக்காத, கடல் வந்ததுக்கு நீ என்னா பண்ணுவ, ஒன்னால எனக்கு ஒரு நல்லதுதான் நடந்துருக்கு, என்றான். மோர் இருக்கு, குடிக்கிறியா, என்றான். அவள் குடித்தாள். உப்புக் கூடுதலாக இருந்தது. ஒன்னால எனக்கு ஒரு நல்லதுதான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பதில் அடித்திருக்கலாம். அவனிடம் அவள் கேட்க வந்தது மன்னிப்பா, இல்லையா, அதுகூடத் தெரியவில்லை. ஆனால் கேட்பதற்கு முன்பே, எதற்கென்றே தெரியாமல், மோரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டான். எதற்கென்று தெரியாமல் கொடுத்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது. அதை யோசித்துக்கொண்டே படியேறினாள்.

உள்ளே வந்ததும் போன் அடித்தது. மேடம், ரெடியா, என்றான் சென்னைக்காரன், பின்னால் பல போன்கள் அடிக்கும் சத்தம். ஆரோக்கியராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவள் அந்த நேரத்தில் எதையும் யோசிக்கவில்லை, இத்தனை நேரம் யோசித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று பிறகு ஆச்சரியமாக இருந்தது. ரெடி இல்லை, என்றாள். பாய்லர் சரியாகாம இந்த யூனிட்டை ஓட்டப்போறதில்லை, அப்படியே எழுதிக்குங்க. இடி விழும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. சரி மேடம், பரவால்ல, நிலக்கரி யூனிட் ஒண்ணு சும்மா நிக்குது, அதை ஏத்திக்கறோம், என்று அவன் சாவகாசமாகச் சொல்லி வைத்துவிட்டான். அவ்வளவுதான். எங்கோ ஒரு ஊரில், அவள் பார்த்திராத ஒரு சிம்னியிலிருந்து, இந்த நேரம் கண்ணுக்குத் தெரிகிற புகை கிளம்பியிருக்கும். அதுவும் அவளுடையதுதான். வேண்டாம் என்ற வாயால் அங்கே ஏற்றியது. ஆரோக்கியராஜ் திரும்பிப் பார்த்து, மேடம், எஸ்.இ. கேட்டா என்னன்னு சொல்ல, என்றான். நான் சொல்லிக்கறேன்ப்பா. ஒங்களத் தூக்கிடுவாங்க மேடம். தூக்கட்டும். தூக்கினாலும் எங்கே போடுவார்கள், இன்னொரு ஆபீசில், இன்னொரு நாற்காலியில், சம்பளத்தோடு. அதை நினைத்ததும் கால்கள் தாமாகவே வாசலை நோக்கி நடந்தன. வேறு யாராவது போய்ச் சொல்வதற்கு முன்னால் கலியனிடம் அவள் சொல்லிவிட வேண்டும்.

கலியபெருமாள் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே எழுந்து வந்துவிட்டான். முகத்திலிருந்து ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவள் சுருக்கமாகச் சொன்னாள். இன்றைக்கு ஓடவில்லை. பாய்லர் வேலை முடிகிற வரைக்கும் ஓடாது. ரெண்டு மாசம் ஆகும், கூடவும் ஆகலாம். நாளையிலிருந்து உங்களை நிற்கச் சொல்லுவார்கள். அவன் ஹெல்மெட்டின் வாரை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டான். பிறகு, பழைய மெஷின், எதாச்சும் புட்டுக்கிட்டுப் போயிருக்கும், நீ என்னா பண்ணுவ, என்றான். சாக்கை அவனே எடுத்துக் கொடுத்தான். ஆமாண்டா என்று தலையை ஆட்டினால் போதும். கேஸ் வால்வு என்று சொல்லலாம், கண்ட்ரோல் என்று சொல்லலாம், எது சொன்னாலும் நம்புவான். சாயங்காலம் வீட்டுக்குப் போய், பாவம் எங்க அக்கா, இந்த வெயில்ல அந்த மெஷினோட மல்லுக்கட்டுது, என்று தேனாம்பாளிடம், தன் பெண்டாட்டியிடம், சொல்லுவான். சொல்லு, ஒரு வார்த்தைதானே, உன் தம்பிதானே. அவளுக்குள் அந்தச் சூடு மறுபடியும் கிளம்பி நெஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “ஓட்டியிருக்கலாம். நாந்தான் வேணாம்னேன்.”

“நீயா?”

“ம்.”

“ஏன்?”

சற்றுமுன் சொன்னதையே மறுபடியும் சொல்ல வேண்டும், சூடு, கடல், பங்கு. அதைச் சொன்னபோது அவன் சிரித்தான், இப்போது சொன்னால் அதே சொற்கள் அவன் சோற்றில் விழும். சிம்னியைப் பார்த்தாள். அவனும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது. நம்ப முடியாமல் ஒரு தடவை அவளைப் பார்த்தான், திரும்ப மேலே பார்த்தான், ஒன்றுமில்லாத அந்த வானத்தை. திட்டுவான் என்று நினைத்தாள். படுத்திருந்தவர்களில் ஒருவன் முழங்கையை ஊன்றி எழுந்து இவர்களைப் பார்த்தான்.

“ஒனக்கென்ன,” என்றான் கலியபெருமாள்.

அவ்வளவுதான் சொன்னான், மெதுவாக, பின்னால் அக்கா என்று சேர்க்காமல். ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தான். வெறுந்தலை, நடுவெயில். கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. ஒனக்கென்ன. இத்தனை வருஷம், கேட்காத கேள்விகளும், கைதட்டல்களும், நல்ல அக்கா என்கிற பேரும், எந்தப் பக்கம் திரும்பினாலும் மெத்தென்றுதான் இருந்தது. குற்றம் இருந்தது, ஆனால் சாட்ட ஆள் இல்லை. கடல் வந்து கேட்காது, காற்று வந்து கேட்காது. இப்போது ஒருவன் கேட்டுவிட்டான். அவன் கேட்டது கடலுக்காக இல்லை, நாளைய சோற்றுக்காக, அது வேறு குற்றம், ஆனால் அது அவள் பேரில் முழுசாக விழுந்தது, பங்கு பிரிக்க வேண்டியதில்லை, ஆயிரம் சிம்னிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டியதில்லை. வலித்தது. வலி ஒரே இடத்தில் நின்றது, அலையவில்லை. ஹெல்மெட்டின் உள்பட்டை வேர்வையில் நனைந்து இன்னும் சூடாக இருந்தது. மேலே கண்ட்ரோல் ரூம் கதவைப் பாதி திறந்துகொண்டு ஆரோக்கியராஜ், மேடம், எஸ்.இ. லைன்ல இருக்காரு, ரொம்ப சத்தம் போடறாரு, என்று கத்தினான். வரேன்னு சொல்லு, என்றாள். தம்பியின் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே, சுடும் கம்பிப்பிடியை இன்னொரு கையால் இறுகப் பற்றிப் படியேறினாள்.